தெருவில் 30 கி.மீ. பலகை வைத்தால் வண்டிகள் மெதுவாகப் போகுமா?

கேள்வி இதுதான்: "சென்னையில் எங்கள் தெரு சுமார் 600 மீட்டர் நீளம். இரண்டு மெயின் ரோடுகளுக்கு நடுவில் இருப்பதால் காலையும் மாலையும் குறுக்கு வழியாக வண்டிகள் பாய்கின்றன. வேக வரம்பை 30 ஆகக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறார்கள் சங்கத்தில் பாதிப் பேர். போர்டை யார் மதிப்பார்கள், ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்லுங்கள் என்கிறார்கள் மீதிப் பேர். எது சரி?"

முதலில் ஒரு தகவல். நீங்கள் கேட்கப்போகும் அந்த 30 ஏற்கெனவே இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை புதிய வேக வரம்புகளை அறிவித்தது. கார் முதலான இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. கூடவே, குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியாக இருந்தாலும் 30. இந்தக் கடைசி வரியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு ஜூனில், பகலில் 40-ஐத் தாண்டினால் அபராதம் என்று காவல்துறை சொன்னதும் ஊரே கேலி செய்தது, மீம் போட்டது. அந்தச் சூட்டுக்குப் பிறகு வந்த திருத்தம் என்பதால் எல்லார் கண்ணும் மெயின் ரோட்டு எண்ணிலேயே நின்றுவிட்டது.

ஆக, உங்கள் சங்கம் சண்டை போட வேண்டியது எண்ணுக்காக இல்லை. தெருவின் அமைப்பு அந்த எண்ணுக்கு ஏற்றபடி மாறுவதற்காக. என் பதிலின் சாரம் அவ்வளவுதான். ஆனால் சங்கத்தில் இரண்டு கட்சி இருப்பதால் காரணங்களை விரித்துச் சொல்கிறேன்.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது? 50-க்கும் 30-க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 8.3 மீட்டர் போகிறது, 50-இல் 13.9 மீட்டர். நிறுத்தி வைத்த காருக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை வெளியே வருகிறது. ஓட்டுபவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல கவனத்தில் இருப்பவருக்கே ஒரு நொடி வேண்டும், போனில் பேசிக்கொண்டு வருபவர் கணக்கே வேறு. காய்ந்த சாலை, நல்ல பிரேக். 30-இல் வந்த கார் மொத்தம் 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 50-இல் வந்த காரில் அந்த 13 மீட்டர் கடக்கும்வரை பிரேக்கே பிடித்திருக்காது. முதல் கார் நிற்கிற அதே இடத்தை இரண்டாவது கார் முழு 50 வேகத்தோடு கடக்கும். மோதலின் பலத்தை உயரமாக மாற்றிச் சொன்னால், 30-இல் அடிபடுவது முதல் மாடியிலிருந்து விழுவது போல, 50-இல் அடிபடுவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவது போல.

"50 கி.மீ. வேகத்தில் மோதினால் 80% பேர் சாவார்கள்" என்ற வாசகத்தை விழிப்புணர்வுப் போஸ்டர்களில் பார்த்திருப்பீர்கள். அதை மனுவில் எழுதாதீர்கள். மோசமான விபத்துகளே அதிகம் பதிவான பழைய தரவிலிருந்து வந்த எண் அது. ஜெர்மனியின் விபத்துப் பதிவுகளை வைத்து 2009-இல் வெளியான ஆய்வு இதைவிட நிதானமானது. நடந்துபோகிறவர் மீது காரின் முன்பக்கம் மோதினால், 50-இல் உயிர் போகும் வாய்ப்பு 40-இல் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல், 30-இல் இருப்பதைவிட ஐந்து மடங்குக்கு மேல் என்றது அது. வாதத்துக்கு இதுவே தாராளம். அதுவும் வயது வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. வயது கூடக்கூட நிலைமை மோசம். உங்கள் தெருவில் காலையில் பால் வாங்கப் போகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டு எண்களையும் சொல்லிவிடுகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 சாவு. அதே அறிக்கை, 71% சாவுக்கு அதிவேகம் காரணம் என்கிறது. இந்தக் கடைசி எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்பது கையோடு வந்துவிடுகிற வாசகம். சாலை வளைவு தவறு, விளக்கு இல்லை, நடைபாதை இல்லை என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் போய் மறைந்துவிடும்.

சரி, போர்டு வைத்தால் வேகம் குறையுமா? குறையும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. இதை அதிகம் சோதித்துப் பார்த்த நாடு பிரிட்டன். அங்கே மணிக்கு 20 மைல், நம் கணக்கில் சுமார் 32 கி.மீ. 1991-இலிருந்து அங்கே போடப்பட்ட 20 மைல் பகுதிகளில் பலகையோடு வேகத்தடை, குறுக்கிய சாலை எல்லாம் சேர்ந்தே வந்தன. அவற்றை 1996-இல் ஆராய்ந்தபோது சராசரி வேகம் 9 மைல் குறைந்திருந்தது, விபத்துகள் சுமார் 60% குறைந்திருந்தன. லண்டனில் இருபது ஆண்டுத் தரவை வைத்து 2009-இல் வந்த ஆய்வும் காயம்பட்டவர்கள் எண்ணிக்கை சுமார் 42% இறங்கியதாகச் சொன்னது. அப்புறம் செலவு மிச்சம் பிடிக்க, வெறும் பலகை மட்டும் வைக்கிற முறை பரவியது. அரசு சார்பில் 2018-இல் அதை அளந்தார்கள். குடியிருப்புத் தெருக்களில் இறங்கிய வேகம் 1 மைலுக்கும் குறைவு.

இதை வைத்துப் பலகை வீண் என்று சொல்ல வந்தால் அங்கே வேல்ஸ் குறுக்கே நிற்கிறது. 2023 செப்டம்பர் 17 முதல் வேல்ஸ் நாடு முழுக்க, தெருவிளக்கு உள்ள ஊர்ச் சாலைகளின் பொதுவான வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாக ஒரே நாளில் மாற்றினார்கள். வேகத்தடை கட்டவில்லை, பலகைதான். எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. மாற்றத்தை ரத்து செய்யச் சொல்லி அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் 4.6 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. மொத்த மக்கள் தொகையே முப்பது லட்சம் சொச்சம்தான். ஆனாலும் அளந்து பார்த்த சாலைகளில் சராசரி வேகம் சுமார் 4 மைல் குறைந்தது. அடுத்த ஓராண்டில் 20, 30 மைல் சாலைகளில் காயம்பட்டவர்களும் இறந்தவர்களும் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தார்கள். ஒரு தெருவில் மட்டும் பலகை வைத்தால் கிடைக்காத பலன் நாடு முழுக்க வைத்தபோது கிடைத்தது. எங்கே திரும்பினாலும் ஒரே வரம்பு, கேமரா, விடாத பிரச்சாரம், எல்லாம் சேர்ந்து பழக்கம் மாறியது. 1992 செப்டம்பரில் ஊர் முழுக்க 30 கி.மீ. கொண்டுவந்த ஐரோப்பாவின் முதல் நகரமான ஆஸ்திரியாவின் கிராட்ஸிலும் இதே கதைதான். முக்கியச் சாலைகளை 50-இல் விட்டுவிட்டு மற்றவற்றை மொத்தமாக 30 ஆக்கினார்கள். நினைத்தால் இந்தத் தெரு, நினைத்தால் அந்தத் தெரு என்று போகவில்லை.

அந்த இரண்டு ஊரிலும் இருந்தது, நம்மிடம் இல்லாதது எது? கண்காணிப்பு. சென்னை மாநகராட்சிக்கு உட்பட்ட பேருந்துத் தடச் சாலைகள் சுமார் 387 கி.மீ. நீளம், உட்புறத் தெருக்கள் சுமார் 5,270 கி.மீ. இருக்கிற ஆட்களை மெயின் ரோட்டு சிக்னலில் நிறுத்தவே போதவில்லை. அதோடு சட்டத்தில் ஒரு நுணுக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவின்படி, ஒரு வண்டி வேகமாகப் போனது என்று ஒரே ஒரு சாட்சி கண்ணால் பார்த்துச் சொன்னால் மட்டும் தண்டனை கொடுக்க முடியாது; கருவியால் அளந்திருக்க வேண்டும். ஆக ஒரு காவலரை உங்கள் தெருமுனையில் நிறுத்தினாலும் ஸ்பீடு கன் இல்லாமல் வழக்கு நிற்காது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஸ்பீடு கன் வரப்போவதில்லை.

அதனால்தான் நம் ஊரில் தெருவின் வடிவமே வேலை செய்ய வேண்டும் என்கிறேன். இதைக் கேட்டதும் ஸ்பீடு பிரேக்கர் கட்சிக்காரர்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர்கள் மனதில் இருப்பது நம் தெருக்களில் ராவோடு ராவாக முளைக்கும் அந்தச் சிமெண்ட் மேடு என்றால், அதற்கு நான் எதிரி.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட 99-ஆம் எண் வழிகாட்டி (2018-இல் திருத்தி விரிவாக்கினார்கள்) வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று அளவோடு சொல்கிறது. வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 செ.மீ., மேற்பரப்பு 17 மீட்டர் ஆரமுள்ள வில். இந்த வடிவத்தை 25 கி.மீ. வேகத்தில் ஏறினால் முதுகு வலிக்காது, 45-இல் ஏறினால் தூக்கிப் போடும். வேகமாக வருகிறவருக்கு மட்டும் தண்டனை என்பதுதான் அதன் அழகு. நம் தெருவில் போடுவது அரை மீட்டர் அகலத்தில் ஒரு முட்டு. அதை 10 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் அடிவாங்கும். ஆனால் வேகமாக வரும் பெரிய காரின் டயரும் ஸ்பிரிங்கும் அந்த அதிர்ச்சியைப் பாதி விழுங்கிவிடும். ஒழுங்காக வருகிறவருக்குத் தண்டனை, தறிகெட்டு வருகிறவருக்குச் சலுகை. வெள்ளைக் கோடு கிடையாது, முன்கூட்டி எச்சரிக்கும் பலகை கிடையாது, இரவில் விளக்கும் இல்லை என்றால் இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்தான் தூக்கி எறியப்படுவார்.

மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது என்று மேட்டின் இரு ஓரத்திலும் இடைவெளி விடுவார்கள். சென்னையில் அது இல்லாமலும் முடியாது. பைக்காரர்கள் அத்தனை பேரும் அந்த இடைவெளிக்குள் புகுந்து வேகம் குறையாமல் போவார்கள். அதுவும் நடந்துபோகிறவர் ஒதுங்கி நடக்கிற அதே ஓரத்தில். இடைவெளியில் மழைநீர் போக மட்டும் ஒரு கிரில் வைத்து மூடலாம், அல்லது ஓரத்தில் ஒரு குட்டைத் தூண் நட்டுவிடலாம். செலவு அதிகமில்லை, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு வேகத்தடை ஒன்றும் செய்யாது. அதைத் தாண்டியதும், போன நேரத்தைப் பிடிக்க ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். வேகம் தெரு முழுக்கக் குறைந்திருக்க வேண்டும் என்றால் 60 முதல் 80 மீட்டருக்கு ஒன்று வேண்டும். உங்கள் 600 மீட்டருக்கு ஏழெட்டு வரும். "என் வீட்டு வாசலில் வேண்டாம், ராத்திரி லாரி ஏறி இறங்கினால் தூக்கம் போகும்" என்ற சண்டை அங்கேதான் தொடங்கும். அதில் நியாயமும் இருக்கிறது.

நானாக இருந்தால் மேடுகளைக் குறைத்து, தெருவின் இரண்டு வாயில்களில் பணத்தைப் போடுவேன். மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் மூலை நம் ஊரில் பெரும்பாலும் அகலமான வளைவாக இருக்கும். 40-இல் வந்த வண்டி 35-இலேயே உள்ளே திரும்பிவிடலாம். அந்த மூலையை இறுக்கி, தெருவின் வாயைக் குறுக்கி, நடப்பவர்கள் சாலையைக் கடக்க, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய ஒரு மேடைக் கடவு போட்டால், திரும்பும்போதே வேகம் இருபதுக்கு இறங்கிவிடும். 'இனி மெயின் ரோடு இல்லை' என்று ஓட்டுநருக்குச் சொல்ல அதைவிட நல்ல பலகை கிடையாது. தண்ணீர் லாரியும் தீயணைப்பு வண்டியும் திரும்ப வேண்டுமே என்பார் பொறியாளர். மூலையின் ஓரத்தை லாரிச் சக்கரம் ஏறிப் போகக்கூடிய தாழ்வான கல் பரப்பாக விட்டால் தீர்ந்தது. கார் ஓட்டுகிறவர் அதன்மேல் ஏறத் தயங்குவார், லாரிக்குத் தடையில்லை.

உள்ளே வந்த பிறகு நேர்க்கோடு நீளமாகத் தெரியக் கூடாது. கண்ணுக்கு எட்டும் தூரம்வரை காலியாகத் தெரிந்தால் கால் தானாக அழுத்தும். இதற்கு நம் தெருக்களில் ஏற்கெனவே ஒரு பொருள் கொட்டிக் கிடக்கிறது, நிறுத்தி வைத்த கார்கள். ஒரே பக்கமாக நிறுத்தாமல், நூறு மீட்டர் இடது, நூறு மீட்டர் வலது என்று கோடு போட்டு மாற்றினால் தெரு நெளியும், வேகம் குறையும். ஆனால் சந்திகளுக்கு அருகே நிறுத்த விடக் கூடாது. அங்கே கார் நின்றால் குழந்தை மறையும்.

ஒருவழிப் பாதை கேட்கலாமா என்று சங்கத்தில் யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். யோசித்துச் செய்யுங்கள். எதிரே வண்டி வராது என்று தெரிந்தால் வேகம் கூடும், குறையாது. அடுத்தடுத்த தெருக்களை எதிரெதிர் திசையில் ஒருவழியாக்கி, குறுக்கு வழியே இல்லாமல் செய்வது வேறு விஷயம், அது பலன் தரும். அதைவிட நல்லது தெருவின் நடுவில் ஒரு இடத்தில் தூண்கள் நட்டு, நடப்பவரும் சைக்கிளும் மட்டும் போகும்படி விட்டுவிடுவது. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் வண்டி வரலாம், ஆனால் ஊடே பாய முடியாது. பைக் புகாதபடி தூண்களை நெருக்கினால் சக்கர நாற்காலியும் புக முடியாது என்ற சிக்கல் உண்டு. பைக்கை விட்டுக்கொடுத்துவிட்டு, காரையும் லாரியையும் தடுத்தாலே பாதி கிணறு தாண்டிய மாதிரி.

இதில் எதைச் செய்தாலும் உங்கள் தெருவுக்கு மட்டும் செய்தால் வண்டிகள் பக்கத்துத் தெருவுக்குப் போகும். போனில் வழி காட்டும் மேப் நேரத்தைத்தான் பார்க்கிறது. உங்கள் தெரு மெதுவானால் அடுத்த தெருவைக் காட்டும். அங்கிருக்கும் சங்கம் அடுத்த மாதம் உங்களுக்கு எதிராக மனு கொடுக்கும். ஆகவே இரண்டு மெயின் ரோடுகளுக்கு நடுவிலிருக்கும் எல்லாத் தெருக்களையும் ஒரே பகுதியாகச் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்துச் சங்கங்களை இப்போதே கூப்பிட்டுக்கொள்வது நல்லது.

எதிர்ப்புகள் இரண்டு வரும். நேரம் வீணாகும் என்பது ஒன்று. 600 மீட்டரை 40 கி.மீ. வேகத்தில் கடக்க 54 நொடி, 30-இல் 72 நொடி. வித்தியாசம் 18 நொடி, அடுத்த சிக்னலில் நிற்பதைவிடக் குறைவு. இன்னொன்று ஆம்புலன்ஸ். இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஏழெட்டு மேடு உள்ள தெருவில் 108 வண்டி உண்மையிலேயே தாமதமாகும், உள்ளே படுத்திருப்பவருக்கு வேதனை. மேட்டை முழு அகலத்துக்குப் போடாமல் திண்டு போலத் துண்டு துண்டாகப் போட்டால், அகலமான அச்சுள்ள ஆம்புலன்ஸ் இரண்டு பக்கமும் சக்கரத்தை விட்டுத் தாண்டிவிடும். ஆனால் பைக்கும் அந்த இடுக்கில் நழுவிவிடும் என்பதால் நம் ஊருக்கு அது அரைகுறைத் தீர்வுதான். வாயிலைக் குறுக்குவதை நான் முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மனு. 'வண்டிகள் அதிவேகமாகப் போகின்றன' என்று எழுதினால் மண்டல அலுவலகத்தில் அது நூறோடு நூற்றொன்று. அளந்து எழுதுங்கள். வளைவு இல்லாத இடத்தில் சாலையோரம் டேப் வைத்து 50 மீட்டர் அளந்து இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். வண்டி முதல் கோட்டைத் தாண்டும்போது போனில் ஸ்டாப்வாட்ச், இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்தம். 6 நொடி என்றால் 30 கி.மீ.; 4 நொடி என்றால் 45; 3 நொடி என்றால் 60. நெரிசல் இல்லாத நேரத்தில், முன்னால் வேறு வண்டி இல்லாமல் வரும் நூறு வண்டிகளைக் குறித்து, மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படுத்துங்கள். 85-ஆவது வண்டியின் வேகம்தான் பொறியாளர்கள் பேசும் எண். அது 42 என்று வந்தால், '30 வரம்புள்ள தெருவில் நூற்றுக்குப் பதினைந்து வண்டிகள் 42-க்கும் மேல் போகின்றன' என்று எழுதலாம். கார், பைக், லாரி என்று தனித்தனியாகக் குறித்திருந்தால் இன்னும் நல்லது.

மனுவை இரண்டு இடத்துக்கும் கொடுக்க வேண்டும். சாலையின் வடிவம் மாநகராட்சி கையில், வார்டின் உதவிப் பொறியாளரிடம் தொடங்குங்கள். வேகமும் போக்குவரத்து ஒழுங்கும் போக்குவரத்துக் காவல்துறையிடம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது வழக்கம் என்பதால் இரண்டு மனுவிலும் மற்றதன் நகலை இணையுங்கள். வார்டில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் முன்னிலையில் தீர்மானமாகப் போட்டுவிட்டால் இன்னும் வலு.

நிரந்தரக் கட்டுமானம் என்றாலே கோப்பு தூங்கும். அதனால் முதலில் ஒரு மாத வெள்ளோட்டம் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவில், ஒரு மாதத்துக்கு மிகாத வேகக் கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை என்று தெளிவாக இருக்கிறது. வாயிலைக் குறுக்க ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் டிரம்களும் மணல் மூட்டைகளும் போதும், சாலையில் பெயிண்டால் பெரிதாக 30 என்று எழுதிக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்பதால் எதிர்க்கிறவர்களும் ஒத்துக்கொள்வார்கள். நாலாவது வாரத்தில், முன்பு அளந்த அதே நேரத்தில் அதே கோட்டில் இன்னொரு நூறு வண்டிகளை அளந்து, இரண்டு பட்டியலையும் அடுத்த மனுவோடு இணைத்து அனுப்புங்கள்.